பல்லாவரத்துக் கல்லும் தொட்டபெட்டாவும்

தாம்பரம் மின்சார ரயில் பல்லாவரத்தைத் தாண்டும்போது ஜன்னலில் தெரியும் மொட்டைக் குன்றுகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாதியை உடைத்து ஜல்லியாக விற்றாகிவிட்டது. மீதியைச் சுற்றி வீடுகள் ஏறிவிட்டன. அந்தக் குன்றுகளின் கல்லும், கடல் மட்டத்துக்கு 2,637 மீட்டர் மேலே, தொட்டபெட்டா உச்சியில் தொலைநோக்கி நிலையத்தின் காலடியில் கிடக்கும் கல்லும் ஒரே குடும்பம். ஒன்று மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் முடங்கிக் கிடக்கிறது. மற்றது தமிழ்நாட்டிலேயே உயரமான சிகரம். ஒரே கல்லுக்கு எப்படி இந்த இரண்டு தலையெழுத்து? நீலகிரி பிறந்த கதை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

கல்லுக்குப் பெயர் வந்ததே ஒரு வேடிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள முகவர் ஜாப் சார்னாக் 1690களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் இறந்தார். வங்காளம் வண்டல் பூமி. கல்லறைக்கு வைக்க நல்ல கல்லுக்கு அங்கே எங்கே போவது? சென்னைப் பக்கத்திலிருந்து கனமான கருங்கல் பலகை ஒன்று போய்ச் சேர்ந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த தாமஸ் ஹாலண்ட், புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருந்த அந்தப் பலகையை ஆராய்ந்து 1893இல் ஒரு கட்டுரை எழுதினார். பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் கல் அது என்று அடையாளம் கண்டு, கீழே படுத்திருந்தவர் பெயரையே அதற்குச் சூட்டினார்: சார்னோகைட். 1900இல் தென்னிந்தியாவில் பரவிக் கிடக்கும் இந்தப் பாறைக் குடும்பத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். நீலகிரி மலைத்திரள் அந்தக் குடும்பத்தின் பெரிய வீடு. கல்கத்தாவை நிறுவியவர் என்ற பட்டத்தை 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சார்னாக்கிடமிருந்து எடுத்துவிட்டது. கல்லில் இருக்கும் பெயரை மட்டும் யாரும் தொடவில்லை.

இந்தக் கல்லைப் பார்க்கச் சிகரம் ஏற வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் மலைப்பாதையில், பர்லியாறுக்கு மேலே, சாலைக்காக வெடி வைத்துப் பிளந்த இடம் ஏதாவது ஒன்று போதும். வெயிலிலும் மழையிலும் கிடந்த வெளிமுகம் பழுப்பேறிச் சொரசொரவென்று இருக்கும். புதிதாக உடைந்த முகமோ பச்சை கலந்த கருமையில் எண்ணெய்ப் பளபளப்போடு மின்னும். மற்றக் கற்களில் வெள்ளையாக இருக்கும் குவார்ட்ஸ் மணிகள்கூட இதில் நீலச் சாயல் காட்டும். துண்டைக் கண்ணருகே பிடித்தால் கடுகளவு, சில இடங்களில் மிளகளவு சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவை கார்னெட். தேன் நிறத்தில், பழுப்பு நிறத்தில் ஊடாடிக் கிடப்பது ஹைப்பர்ஸ்தீன். கதையைச் சொல்லும் சாட்சிகள் இந்த இரண்டும்தான்.

சாதாரணக் கிரானைட்டில் கருப்பாக மின்னும் அபிரகத்தின் உடம்பில் கொஞ்சம் தண்ணீர் அடங்கியிருக்கும். ஹைப்பர்ஸ்தீனில் அது கிடையாது. தண்ணீர் வற்றிப்போகும் அளவுக்குச் சூடும் அழுத்தமும் இருந்தால்தான் அது பிறக்கும். எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்பதை, ஒட்டிக்கிடக்கும் கார்னெட்டோடு அதன் வேதியியலை ஒப்பிட்டுக் கணக்கிட்டுவிடலாம். ரைத், ஸ்ரீகண்டப்பா முதலியோர் அடங்கிய ஜெர்மன், இந்திய ஆய்வாளர் குழு நீலகிரி முழுவதும் கல் எடுத்து இந்தக் கணக்கைப் போட்டு 1990இல் வெளியிட்டது. வெப்பம் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஆழம், குந்தா இருக்கும் தென்மேற்கில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். வடக்கே மோயாற்றுப் பக்கம் போகப் போக அது கூடி, 30ஐத் தாண்டி 35ஐ நெருங்குகிறது.

இதை மெதுவாகத்தான் மனத்தில் வாங்க வேண்டும். தொட்டபெட்டாவில் சோளக்கதிர் தின்றுகொண்டு நாம் நிற்கிற தரை, ஒரு காலத்தில் பூமிக்கடியில் 30 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே இருந்த அத்தனை கல்லும் இன்று இல்லை. மலை என்றால் குவிந்தது, எழும்பியது என்றுதான் நினைத்துப் பழகியிருக்கிறோம். நீலகிரி விஷயத்தில், மேலே இருந்தது போனதால் வெளியே தெரிந்தது என்பதுதான் கதையின் பெரும்பகுதி.

அந்த வேக்காடு நடந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது பூமியில் கண்ணுக்குத் தெரியும் உயிர் எதுவும் இல்லை. காற்றில் மூச்சுவிடப் போதிய ஆக்ஸிஜனும் இல்லை. இமயமலையை எழுப்பிய மோதல் தொடங்கி ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. இமயத்தில் கடற்சிப்பிகளின் புதைபடிவம் கிடைக்கும், ஏனென்றால் அங்கே மடிந்து எழுந்தவற்றில் பழைய கடற்படுகையும் உண்டு. நீலகிரிக் கல்லில் சிப்பியைத் தேடிப் பயனில்லை. அந்தக் கல் வேகும்போது சிப்பி என்ற ஒன்றே உலகத்தில் வரவில்லை.

மலையின் மூத்த குடிகளான தோடர்கள் தங்கள் பிறப்புக்கு வேறொரு கதை வைத்திருக்கிறார்கள். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் 1906இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிந்திருக்கிறார். ஓன் என்ற தெய்வமும் அவன் மனைவியும் மலைமேல் போய் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வரவழைக்கிறார்கள். கூட்டம் கூட்டமாக எருமைகள் வெளியே வருகின்றன. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வருகிறான். அவன்தான் முதல் தோடன். தோடர் நம்பிக்கையில் தெய்வங்கள் குடியிருப்பதும் இங்கே உள்ள குன்றுகளின் உச்சிகளில்தான். கதையை நிலவியலோடு முடிச்சுப்போட்டு, 'அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தார்கள்' என்று சொல்லும் ஆசை எனக்கில்லை. ஆனால் வானத்திலிருந்து எதையும் இறக்காமல், எல்லாவற்றையும் தரைக்குள்ளிருந்து எடுத்த கற்பனை இந்த மலைக்குப் பொருந்தித்தான் இருக்கிறது.

இனி நெருப்பு. கூடலூர்ச் சாலையில் ஊசிமலையைக் காட்டி, கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமித் தூணைக் காட்டி, 'எரிமலை கக்கியது' என்று சொல்பவர்களைச் சுற்றுலா வண்டிகளில் பார்க்கலாம். நீலகிரியில் எரிமலை இருந்ததே இல்லை. தூணாக நிற்பதும், டால்பின் மூக்குபோல் நீட்டிக்கொண்டிருப்பதும் இதே சார்னோகைட்தான். பாறையில் நெட்டுக்குத்தாக விழுந்த விரிசல்கள் வழியே மழைநீர் இறங்கி, ஒரு பக்கம் சரிந்து போக, மறுபக்கம் நின்றுவிட்டது. ஊட்டி ஏரியை எரிமலை வாய் என்று நம்புகிறவர்களும் உண்டு. அது 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்துக் கட்டிய ஏரி.

நெருப்பு வந்துபோன தடம் இங்கே மிகக் கொஞ்சம். பாறையை வெட்டிக்கொண்டு போகும் கருமையான டோலரைட் கோடுகள் சில இடங்களில் உண்டு. பூமிக்குள்ளிருந்து ஏறி விரிசல்களில் உறைந்த குழம்பு அது. அதுவும் மிகப் பழையது. நிஜமான எரிமலை நாடகம் வடக்கே நடந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரத்தை மூடிய தக்காண எரிமலைக் குழம்பு, தெற்கே பெல்காம் வட்டாரத்தோடு நின்றுவிட்டது. அதனால் மகாபலேஸ்வரமும் ஊட்டியும் ஒரே மேற்குத் தொடர்ச்சி மலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தாலும், முன்னது அடுக்கடுக்காகப் படிந்த குழம்பு, பின்னது ஆழத்துப் பாறை. வரைபடத்தில் ஒரே கோடு, பிறப்பு வேறு வேறு.

ஆனாலும் நீலகிரியின் உயரத்தில் நெருப்புக்கு மறைமுகமாக ஒரு பங்கு உண்டு. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் பிரிவின்போது பொங்கிய குழம்பின் மிச்சத்தை உடுப்பிக்கு அருகே மால்பேயிலிருந்து படகில் போனால் செயின்ட் மேரி தீவில் தூண் தூணாகப் பார்க்கலாம். ஒரு நிலப்பரப்பு கிழிந்து கடல் நுழையும்போது கிழிந்த விளிம்பு மேலே எழும்பும். மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கே செங்குத்தாகவும் கிழக்கே சரிவாகவும் இருப்பதற்கு இதுவே வேர். பவானியும் மோயாறும் பக்கத்திலிருக்கும் அரபிக்கடலை விட்டுவிட்டு, காவிரியைச் சேர்ந்து வங்காள விரிகுடாவுக்கு நெடும்பயணம் போவதும் அதனால்தான்.

விளிம்பு முழுக்க எழும்பியது என்றால் நீலகிரி மட்டும் ஏன் இவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கிறது? இங்கே அறிஞர்கள் இரண்டு கட்சி. வடக்கே மோயாறு, தெற்கே பவானி என இரண்டு பழம்பிளவுகளுக்கு நடுவே இருந்த முக்கோணத் துண்டு அப்படியே மேலே தூக்கப்பட்டது என்கிறது ஒரு கட்சி. சுற்றிலும் இருந்தது தேய்ந்துபோக, கடினமான கல் தேயாமல் நின்றது என்கிறது மற்றது. தலைக்குந்தாவிலிருந்து கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மசினகுடிப் பக்கம் இறங்கியவர்களுக்கு முதல் கட்சியை நம்பத் தோன்றும். அவ்வளவு சட்டென்று மலை முடிந்து சமவெளி வந்துவிடுகிறது. கோடநாடு காட்சிமுனையில் நின்று மோயாற்றுப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாலும் அப்படித்தான். வடக்கே போகப் போக அதிக ஆழத்துக் கல் வெளிப்படுகிறது என்ற 1990ஆம் ஆண்டுக் கணக்கும், துண்டு ஒரு பக்கம் அதிகமாகத் தூக்கிக்கொண்டதையே காட்டுகிறது. ஆனால் அந்தச் சாய்வில் எவ்வளவு மடகாஸ்கர் போனபின் நடந்தது, எவ்வளவு அதற்கு வெகுகாலம் முன்பே முடிந்துவிட்டது என்பதில்தான் சண்டை.

எனக்குப் பல்லாவரத்துக் குன்றுகள்தான் நடுவர். கல்லின் கடினம் மட்டுமே மலையை நிறுத்தும் என்றால் அங்கேயும் ஒரு ஊட்டி நின்றிருக்க வேண்டும். அதே கல், அதே கடினம், ஆனால் கிழக்குக் கரையில் இந்த அளவுக்குத் தூக்குவதற்கு எதுவும் வரவில்லை. ஆகவே தூக்கலும் வேண்டும், தாக்குப்பிடிக்கும் கல்லும் வேண்டும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மழை மேலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு போகப் போக மலையின் பாரம் குறைகிறது. குறைந்த பாரத்துக்கு ஏற்ப அடியிலிருக்கும் பூமி ஓடு மெல்ல மேலே எழுகிறது. 30 கிலோமீட்டர் கல் போன பின்னும் நீலகிரிக்கு அடியில் இன்னும் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடு இருப்பதாக நிலநடுக்க அலைகள் சொல்கின்றன. கரையக் கரைய எழும் மலை என்பதால்தான் இத்தனை கோடி ஆண்டு மழைக்கும் அது தீர்ந்துபோகவில்லை.

அடுத்தது பனி. டிசம்பர், ஜனவரியில் காந்தல், தலைக்குந்தா பள்ளங்களில் புல்வெளி வெள்ளையாக விடியும். தாவரவியல் பூங்காவில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டதும் செய்தித்தாள்கள் ஊட்டியைக் காஷ்மீர் ஆக்கிவிடும். அது உறைபனி, காலை ஒன்பது மணிக்குள் காணாமல் போய்விடும். ஆண்டாண்டாகப் படிந்து இறுகி, பாறையைச் சுரண்டிக்கொண்டு நகரும் பனியாறு நீலகிரியில் இருந்தது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. பனியாறு போன இடம் அகன்ற தட்டையான பள்ளத்தாக்காக மாறியிருக்கும், பாறையில் கீறல் விழுந்திருக்கும், கற்குவியல்கள் கிடக்கும், பள்ளங்களில் ஏரிகள் தேங்கியிருக்கும். இங்கே பள்ளத்தாக்குகள் ஆறு வெட்டியவை. எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி, பைக்காரா, முக்கூர்த்தி என்று நாம் படமெடுக்கும் பெரிய நீர்நிலை ஒவ்வொன்றும் மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கியது. சொந்த ஏரி இல்லாத மலை என்பதே பனியாறு வராததற்குப் பெரிய சாட்சி.

பனியாறு வந்ததோ இல்லையோ, பனிக்காலத்தின் குளிர் வந்தது என்ற யோசனை பழையது. முக்கூர்த்திச் சிகரத்தின் மேற்குப் பாறைமுகத்தில் வரையாடு மேய்கிறது, சோலை ஓரத்தில் ரோடோடெண்ட்ரான் சிவப்பாகப் பூக்கிறது. இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம் இமயமலையில்தான் என்று 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள் நினைத்தார்கள். பூமி குளிர்ந்திருந்த காலத்தில் இவை சமவெளி வழியே தெற்கே இறங்கி, வெயில் திரும்பியதும் மலையுச்சியில் மாட்டிக்கொண்டன என்பது அவர்கள் கணக்கு. செடிக்கு அந்தக் கணக்கு ஓரளவு ஓடும். ஆட்டுக்கு ஓடவில்லை. 2005இல் வந்த மரபணு ஆய்வு, நீலகிரி வரையாடு இமயத்துத் 'தார்' ஆட்டைவிடச் செம்மறி இனத்துக்கே நெருக்கம் என்று காட்டி, அதற்குத் தனிப் பேரினமே கொடுத்துவிட்டது.

பனிக்காலத்தில் இங்கே உண்மையில் என்ன நடந்தது என்று சொன்னது ஆடும் இல்லை, பாறையும் இல்லை. பள்ளங்களில் அழுகித் தேங்கிய கருப்புச் சேறு. அந்தத் தாவரக்கரி மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, அதிலிருக்கும் கார்பனைக் கொண்டு எந்த வகைப் புல்பூண்டு எந்தக் காலத்தில் வளர்ந்தது என்று ராமன் சுகுமார் குழுவினர் கணித்தனர். 1993இல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. 20,000 ஆண்டுகளுக்கு முன், வட ஐரோப்பாவைப் பனி மூடியிருந்தபோது, நீலகிரியில் பனி கொட்டவில்லை. மழைதான் பொய்த்தது. வறட்சியைத் தாங்கும் புல் பரவியது. பிறகு பருவமழை வலுத்து, ஈரம் விரும்பும் செடிகள் திரும்பின. சோலையும் புல்வெளியும் மாறி மாறி இடம்பிடிக்கும் இந்த ஆட்டம் மனிதன் காட்டை வெட்டித் தொடங்கியது அல்ல. வெள்ளைக்காரன் அந்தப் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்து யூகலிப்டஸும் சீகையும் நட்டதை நினைத்தால், ஒரு குழி தோண்டிப் பார்த்திருக்கலாமே என்று வயிறு எரிகிறது.

பனியோடு நீலகிரிக்கு இருக்கும் ஒரே உறவு மிகத் தூரத்தில் இருக்கிறது. இங்கே மிகுதியாகக் கிடைக்கும் சார்னோகைட் வகைக்கு எண்டர்பைட் என்று பெயர். அண்டார்டிகாவின் எண்டர்பி நிலப்பகுதியில் கண்டு வைத்த பெயர் அது. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடையும் முன் அண்டார்டிகாவும் இந்தியாவும் இலங்கையும் ஒட்டிக் கிடந்தவை. ஒரே வகைக் கல் ஒரு பக்கம் பனிக்கடியில் கிடக்கிறது, இந்தப் பக்கம் தேயிலைக்கடியில்.

நெருப்பு கக்கவில்லை, பனி சுரண்டவில்லை. இன்றைக்கு நாம் பார்க்கும் உருண்டையான ஊட்டிக் குன்றுகளைச் செய்தது மழையும் அழுகலும். கடினமான கல்தான் என்றாலும், சார்னோகைட்டுக்கு வெப்பமண்டல மழையைக் கண்டால் ஆகாது. தண்ணீரே இல்லாத ஆழத்தில் பிறந்த கனிமங்கள், தண்ணீர் பட்டதும் களிமண்ணாக மாறத் தொடங்கும். நீர் விரிசல் வழியே இறங்கி, கல்லை நாலாபுறமும் சூழ்ந்து, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிக்கும். குன்னூர்ச் சாலையோரம் வெட்டிய மண்சுவரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிவப்பு மண்ணுக்கு நடுவே ஓர் ஆள் உயரத்துக்கு உருண்டைக் கல். அதைச் சுற்றி விரலால் கிள்ளினால் பெயரும் மஞ்சள் வளையங்கள். அதற்கு வெளியே கல்லின் அமைப்பு அப்படியே தெரியும், தொட்டால் மாவாகும். பல இடங்களில் இந்த அழுகல் பத்து மீட்டர், இருபது மீட்டர் ஆழத்துக்கும் மேல் போகிறது. மேலே இரும்பு தங்கினால் செம்மண், அலுமினியம் மிஞ்சினால் பாக்சைட்.

தேயிலைக்காரர்களுக்கு இந்த அழுகல்தான் முதலீடு. புளிப்பான, ஆழமான, தண்ணீர் தேங்காத மண் தேயிலைக்கு வேண்டும். உறைபனி விழும் பள்ளத்தைத் தவிர்த்து, சரிவு பார்த்துச் செடி வைப்பார்கள். தப்பி வைத்த பாத்தியில் ஜனவரியில் கொழுந்து கருகி நிற்கும், பச்சைத் தேயிலை வரத்து குறையும். மலையின் உயரத்தை நேரடியாகக் காசாக்கியவர்களும் உண்டு. பைக்காரா ஆற்றைக் குழாயில் அடைத்து மோயாற்றுப் பக்கத்துச் செங்குத்தில் 900 மீட்டருக்கு மேல் விழவைத்து 1932இல் மின்சாரம் எடுத்தார்கள். கோவைப் பஞ்சாலைகள் பெருகியதில் அந்த மின்சாரத்துக்குப் பங்கு உண்டு. தங்கம் தேடியவர்களுக்குத்தான் மலை பட்டை நாமம் போட்டது. 1880 வாக்கில் தேவாலா, பந்தலூரில் கம்பெனி மேல் கம்பெனியாக வந்து இறங்கி, சில ஆண்டுகளில் மூட்டை கட்டிப் போனார்கள்.

அழுகிய மண்ணுக்கு மறுபக்கமும் இருக்கிறது. வேரும் வடிகாலும் சரியாக இருக்கும்வரை சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும். தொடர்மழையில் களிமண் ஊறி, அடியிலிருக்கும் உரியாத பாறையின் வழுக்கலில் கிளம்பினால் உள்ளே கிடந்த உருண்டைக் கற்களோடு சேர்ந்து வரும். 1978 நவம்பரில் மலை முழுக்க அப்படித்தான் சரிந்தது. 1993 நவம்பரில் மரப்பாலம் என்ற இடத்தில் சாலையும் ரயில் பாதையும் அடித்துச் செல்லப்பட்டன. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்கடியில் போனார்கள். மூன்றும் நவம்பர் என்பது தற்செயல் இல்லை. வடகிழக்குப் பருவமழை அடிப்பது மலையின் கிழக்கு முகத்தில். குன்னூர், கோத்தகிரி, கேத்தி என்று வீடுகளும் சாலைகளும் தேயிலையும் நெருக்கியிருப்பது அந்த முகத்தில்தான். மேற்கே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. சரிவுகள் அங்கும் ஏராளம், ஆனால் அடியில் சிக்க ஊர் குறைவு.

மண்சரிவை 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு உடன்பாடில்லை. 30 கிலோமீட்டர் கல்லைக் கரைத்த அதே வேலையின் அன்றாடப் பங்கு அது, நமக்காக நிற்காது. சீற்றமாக அதை மாற்றுவது, சரிவின் பாதத்தைப் பொக்லைன் வைத்துச் செங்குத்தாக வெட்டி, மேலே மூன்று மாடி எழுப்பி, ஓடையைச் சிறுபாலக் குழாய்க்குள் அடைக்கும் வேலை. நெடுஞ்சாலைத் துறை இப்போது சில வளைவுகளில் நீளக் கம்பிகளைச் சரிவு மண்ணுக்குள் ஆழமாக அடித்து, மேலே வலை போர்த்தி, புல் விதைத்து மண்ணை நிறுத்திப் பார்க்கிறது. கம்பி அழுகலைத் தாண்டி உறுதியான கல்லில் ஊன்றிய இடத்தில் நிற்கும். ஊன்றாத இடத்தில் அடுத்த நவம்பர் மழை வலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாலைக்கு வரும். பிறகு ஜேசிபி வந்து மண்ணை அள்ளிப் பள்ளத்தாக்கில் கொட்டும், ஓடை அதைப் பவானிக்குக் கொண்டுபோகும், பவானிசாகர் அணையின் அடியில் வண்டல் இன்னும் கொஞ்சம் ஏறும்.